விடை தெரிந்த மழை

இரவில் யாரோ ஒருவர் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று, கை நிறையக் கேழ்வரகை அள்ளி முற்றத்தில் விசிறிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்றத்தில் 20 டம்ளர்களை இடைவெளி விட்டு வைத்திருக்கிறீர்கள். தரையில் சிதறியதையெல்லாம் விடியற்காலையில் கோழிகள் பொறுக்கித் தின்றுவிட்டன. டம்ளர்களுக்குள் விழுந்த மணிகள் மட்டுமே மிச்சம். ஒன்றில் 7 மணி, பக்கத்தில் 2, சுவரோரம் இருப்பவற்றில் ஒன்றுமே இல்லை. இதை வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வீசியவர் கையில் மொத்தம் எத்தனை மணிகள் இருந்தன? எந்தத் திசையிலிருந்து வீசினார்? வீசியது பெரியவரா, குழந்தையா?

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு நேர்மையான வழிதான் இருக்கிறது. பகலில் நீங்களே மாடிக்கு ஏற வேண்டும். 500 மணிகளை எண்ணி எடுத்து வீசிவிட்டு, கீழே இறங்கி ஒவ்வொரு டம்ளரிலும் எத்தனை விழுந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். மறுபடி 500. பிறகு 1000. கிழக்கு மூலையிலிருந்து ஒருமுறை, மேற்கிலிருந்து ஒருமுறை. குழந்தையைக் கூப்பிட்டு வீசச் சொல்லி ஒருமுறை. நூறு பக்க நோட்டு நிரம்பிய பிறகு, அந்த இரவின் டம்ளர்களை எடுத்து, நோட்டில் எந்தப் பக்கத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம்.

உதகமண்டலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2200 மீட்டர் உயரத்தில், இதே புதிரை விடுவிக்கும் வேலை இரவு பகலாக நடக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தில் உள்ள அந்த அமைப்பின் பெயர் கிரேப்ஸ்-3. அங்கே டம்ளர்களுக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சுமார் 400 உணர்கருவிகள், 8 மீட்டருக்கு ஒன்றாக, தேன்கூட்டு அறுகோண ஒழுங்கில் வைக்கப்பட்டிருக்கின்றன. மொத்த இடம் 25,000 சதுர மீட்டர், ஏறத்தாழ 6 ஏக்கர். கணக்குப் போட்டால், விழுவதில் 100-க்கு 2 பங்குகூட அந்தப் பெட்டிகளுக்குள் விழுவதில்லை. மீதி 98 பங்கு மண்ணுக்குப் போய்விடுகிறது.

மேலிருந்து வீசப்படுவது என்ன? விண்வெளியிலிருந்து புரோட்டான்களும், ஹீலியம் முதல் இரும்பு வரையிலான அணுக்கருக்களும் ஏறத்தாழ ஒளி வேகத்தில் பூமியை நோக்கி வந்துகொண்டே இருக்கின்றன. 1912 ஆகஸ்ட் 7 அன்று விக்டர் ஹெஸ் ஒரு பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேல் ஏறி, உயரே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டு சொன்னார். பின்னாளில் இவற்றுக்குக் காஸ்மிக் கதிர் அல்லது அண்டக்கதிர் என்று பெயர் வந்தது. எங்கே பிறக்கின்றன, எது இவற்றுக்கு இவ்வளவு வேகம் கொடுக்கிறது என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி.

ஆற்றல் குறைந்தவற்றைச் செயற்கைக்கோளில் கருவி வைத்து நேராகவே பிடித்துவிடலாம். ஆற்றல் ஏற ஏற எண்ணிக்கை சரிகிறது. ஆற்றல் 10 மடங்கு கூடினால் எண்ணிக்கை சுமார் 50 மடங்கு குறைகிறது. 3000 டெரா எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் போனால், ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். டெரா என்றால் லட்சம் கோடி. பறக்கும் ஒரு கொசுவின் இயக்க ஆற்றல் சுமார் 1 டெரா எலக்ட்ரான் வோல்ட். கேட்கச் சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஓர் அணுவைவிட லட்சம் மடங்கு சிறிய ஒரே புரோட்டானுக்குள் 3000 கொசுக்களின் ஆற்றல் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒன்றைப் பிடிக்கக் கருவியை ராக்கெட்டில் ஏற்ற முடியாது. தரையில் ஏக்கர் கணக்கில் விரித்துத்தான் வைக்க வேண்டும்.

தரையில் விரித்தால் ஒரு சிக்கல். அந்தப் புரோட்டான் நம்மிடம் வந்து சேர்வதே இல்லை. சுமார் 20 கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றின் ஓர் அணுக்கருவில் மோதிச் சிதறிவிடுகிறது. சிதறியவை மறுபடி மோதி மேலும் சிதறுகின்றன. தரைக்கு வருவது ஆயிரக்கணக்கில், சில சமயம் கோடிக்கணக்கில் துகள்களின் ஒரு பொழிவு. 1930-களின் இறுதியில் பியர் ஓஜே ஒன்றுக்கொன்று தொலைவில் வைத்த கருவிகள் ஒரே கணத்தில் துடிப்பதைக் கவனித்து, அவை ஒரே தாய்த்துகளின் பிள்ளைகள் என்று கண்டுகொண்டார். ஆங்கிலத்தில் இதைக் 'காற்று மழை' என்கிற பொருளில் சொல்கிறார்கள். நான் 'துகள் பொழிவு' என்று எழுதுகிறேன்.

ஆக, வீசியவரை நாம் பார்க்கவில்லை; டம்ளரில் விழுந்த மணிகளை மட்டுமே பார்க்கிறோம். மாடிக்கு ஏறி நாமே வீசிப் பார்க்கலாம் என்றால், இங்கே அது நடக்காது. ஜெனீவாவில் இருக்கும் மாபெரும் துகள் மோதுவியே ஒரு புரோட்டானுக்கு 6.8 டெராதான் ஏற்றுகிறது. 100 டெரா புரோட்டானை நீலகிரியின் வானுச்சியிலிருந்து நம் இஷ்டத்துக்கு வீச உலகில் எந்த இயந்திரமும் இல்லை. அதனால் அந்த மாடியையும் வீச்சையும் கணினிக்குள் கட்டுகிறார்கள்.

இதற்குச் 'சிமுலேஷன்' என்று பெயர். பாவனை என்ற நம் சொல் இதற்கு நன்றாகவே பொருந்தும். குழந்தைகள் சொப்பு வைத்துச் சமைக்கும்போது உப்பு, புளி, அடுப்பு எல்லாம் பாவனை. கணினிப் பாவனையில் ஒரு கண்டிப்பு கூடுதலாக உண்டு: உப்பு எவ்வளவு கரிக்கும் என்பதும் நிஜத்தில் இருப்பது போலவே இருந்தாக வேண்டும்.

எப்படிச் செய்கிறார்கள்? ஒரு 100 டெரா புரோட்டானை எடுத்துக்கொண்டு கூடவே போய்ப் பார்ப்போம். வளிமண்டலத்தின் உச்சியில் அதை விடுகிறோம். முதல் கேள்வி, எந்த உயரத்தில் மோதும்? இயற்கை இதற்கு ஒரே பதில் சொல்வதில்லை. இத்தனை தூரத்துக்குள் மோத இவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொல்கிறது. ஆகவே கணினி தாயக்கட்டையை உருட்டுகிறது. நம் தாயக்கட்டைக்கு ஒரு சில முகங்கள்தான். கணினியின் கட்டைக்குக் கோடிக்கணக்கான முகங்கள். எது எத்தனை தடவை விழ வேண்டும் என்பதை ஆய்வுக்கூடங்களில் அளந்த வாய்ப்புகளின்படி செதுக்கி வைத்திருக்கிறார்கள். 18 கிலோமீட்டர் என்று விழுந்தது என்று வையுங்கள். அங்கே ஒரு நைட்ரஜன் அணுக்கருவோடு மோதல். அடுத்த உருட்டல், மோதியதில் என்னென்ன பிறந்தன? பெரும்பாலும் பையான் என்னும் துகள்கள், பல பத்து. மின்னேற்றம் இல்லாத பையான் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு துளிக்குள் இரண்டு காமாக் கதிர்களாகப் பிரிகிறது. காமா ஒவ்வொன்றும் எலக்ட்ரான், பாசிட்ரான் ஜோடியாகிறது. அவை மறுபடி காமாவை உமிழ்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆலமரம் விழுது விடுவது போல இறங்குகிறது.

மின்னேற்றம் உள்ள பையானின் கதையில் இரண்டு கிளை. அது சிதைந்து மியூவானாக மாறலாம். அதற்கு முன் இன்னொரு அணுக்கருவில் மோதியும் விடலாம். எது முந்தும் என்பது அதன் வேகத்தையும், அந்த உயரத்தில் காற்று எவ்வளவு அடர்த்தி என்பதையும் பொறுத்தது. மறுபடி தாயக்கட்டை. மியூவான் பிறந்துவிட்டால் அது பிடிவாதக்காரத் துகள். காற்றையும் கற்காரையையும் துளைத்துக்கொண்டு வரும். இப்படி ஒவ்வொரு துகளையும், அதன் பிள்ளையையும் பேரனையும், தரை தொடும்வரை அல்லது ஆற்றல் தீர்ந்து போகும்வரை கணினி தனித்தனியே பின்தொடர்கிறது.

சராசரியாக இந்தப் பொழிவு எப்படி வளர்ந்து தேயும் என்பதை ஹோமி பாபாவும் வால்டர் ஹைட்லரும் 1937-லேயே காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார்கள். டாடா நிறுவனத்தைப் பின்னாளில் தொடங்கிய அதே பாபாதான். ஆனால் சராசரி மட்டும் போதாது. ஒரே ஆற்றலுள்ள இரண்டு புரோட்டான்கள், ஒன்று உயரே மோதி, ஒன்று தாழ மோதி, தரையில் முற்றிலும் வேறு வேறு பொழிவுகளைத் தரும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கத்தான் உருட்டல் தேவைப்படுகிறது. இந்த முறைக்கு மான்டி கார்லோ என்று பெயர். 1946-ல் நோயிலிருந்து தேறிவந்த ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் படுக்கையில் தனியாகச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டம் ஜெயிக்க வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட்டுப் பார்த்துச் சலித்தவருக்கு, நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணினால் போதுமே என்று தோன்றியது. ஜான் வான் நியூமனும் அவரும் அதைப் புதிதாக வந்திருந்த கணினிக்குக் கொண்டுபோனார்கள்.

துகள் பொழிவுக்கென்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் எழுதப்பட்ட கோர்சிகா என்ற நிரல்தான் உலகெங்கும் புழங்குகிறது. உதகையிலும் அதுவே.

பொழிவு தரைக்கு வந்துவிட்டது. இனிதான் கருவியின் முறை. ஒரு பெட்டியை நெருங்கிப் பார்ப்போம். உள்ளே ஒளிரும் தன்மையுள்ள பிளாஸ்டிக் பலகை. துகள் ஒன்று அதைக் கடந்தால் மெல்லிய நீலப் பளிச்சிடல். அந்த ஒளியைப் பிடித்துப் பெருக்கி மின் துடிப்பாக்கும் ஒரு குழாய். இவ்வளவுதான். ஆனால் பலகையின் நடுவில் விழுந்த துகளுக்கும் ஓரத்தில் விழுந்ததற்கும் ஒளி ஒரே அளவில் வந்து சேராது. சாய்வாக வரும் துகள் பலகைக்குள் கூடுதல் தூரம் போவதால் அதிக ஒளி தரும். கண்ணுக்கும் கருவிக்கும் நேராகத் தெரியாத காமா, பலகைக்குள்ளேயே எலக்ட்ரான் ஜோடியாகி, ஒரு துகளுக்குப் பதில் இரண்டாகக் கணக்கில் ஏறும். பகல் வெயிலும் இரவுக் குளிரும் குழாயின் பெருக்கத்தை மாற்றும். இவ்வளவையும் கியான்ட்-4 என்ற இன்னொரு நிரலில் கட்டுகிறார்கள். எங்கும் எப்போதும் விழுந்துகொண்டே இருக்கும் ஒற்றை மியூவான்கள் இதற்கு எடைக்கல்லாக உதவுகின்றன. நேராக விழும் ஒரு மியூவான் ஒரு பெட்டியில் எவ்வளவு துடிப்பைத் தருகிறது என்று அளந்துகொண்டால், அதுவே அந்தப் பெட்டிக்குப் படி.

பெட்டிகள் ஒன்றிரண்டு துடித்தால் பதிவு தொடங்காது. குறைந்தது 10 பெட்டிகள் நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் துடிக்க வேண்டும். அந்த நிபந்தனையையும் பாவனைக்குள் எழுதுகிறார்கள். அதன் பிறகு செய்வதுதான் இந்த முறையின் உயிர். பாவனைப் பொழிவின் விடையை மூடி வைத்துவிட்டு, நிஜத் தரவை அலசும் அதே நிரலிடம் பெட்டிகளின் துடிப்புகளை மட்டும் கொடுக்கிறார்கள். அது திசை சொல்லும், ஆற்றல் சொல்லும், பொழிவின் மையம் விழுந்த இடம் சொல்லும். பிறகு விடைத்தாளைத் திறந்து மதிப்பெண் போடலாம். லட்சக்கணக்கான பொழிவுகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டுச் சேர்த்தால், கருவி எங்கே தேறுகிறது, எங்கே தடுமாறுகிறது என்ற முழுச் சித்திரம் கிடைக்கும்.

திசையை எப்படி அறிகிறது? பொழிவு ஒரு ஆப்பச் சட்டி போல, நடு முன்வந்து ஓரம் பின்தங்கி, ஒளி வேகத்தில் இறங்குகிறது. நேர் மேலிருந்து வந்தால் பெட்டிகள் ஏறத்தாழ ஒன்றாகத் துடிக்கும். 30 பாகை சாய்ந்து வந்தால், 8 மீட்டர் தள்ளியிருக்கும் அடுத்த பெட்டி 13 நானோ நொடி பிந்தும். நானோ நொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் ஒளி 30 சென்டிமீட்டர் போகும். இந்தப் பிந்தலிலிருந்து சாய்வைக் கணக்கிடலாம். சட்டியின் வளைவைத் தட்டையாக எடுத்துக்கொண்டால் திசை பிசகும். வளைவு எவ்வளவு என்பது பொழிவின் அளவையும் அது எவ்வளவு முதிர்ந்தது என்பதையும் பொறுத்து மாறும்.

ஆற்றல்தான் எல்லாவற்றிலும் வழுக்கலான இடம். ஒரு ஊரில் 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்கள் 1000 பேர், 180 சென்டிமீட்டர் உயரமுள்ளவர்கள் 20 பேர் என்று வையுங்கள். உங்கள் டேப் சரியில்லை. 165 உள்ளவர்களில் 100-க்கு 5 பேரை 180 என்று காட்டிவிடுகிறது. அளந்து முடித்தால் 180 பட்டியலில் 20 பேருக்கு மேல் 50 போலிகள். நெட்டையர்களைவிடப் போலி நெட்டையர்கள் அதிகம்! காஸ்மிக் கதிரில் அச்சு அசலாக இதுதான் நடக்கிறது. ஆற்றல் குறைந்தவை அவ்வளவு ஏராளம் என்பதால், அவற்றில் தற்செயலாகத் தாழ மோதிப் பெரிய பொழிவாகத் தெரிந்தவை, உண்மையிலேயே ஆற்றல் மிகுந்தவற்றின் வரிசையில் வந்து நின்றுகொள்கின்றன. டேப் எவ்வளவு பிசகுகிறது என்று பாவனை முன்கூட்டியே சொல்லிவிட்டால், கலந்த பட்டியலைப் படிப்படியாகப் பிரித்து அசலுக்குத் திரும்பலாம். இதைச் 'சிக்கெடுத்தல்' என்று சொன்னால் பொருந்தும். மற்றொரு பிசகு வலைக்கண்ணில். சின்னப் பொழிவு 10 பெட்டிகளைத் தொடாமலே போய்விடலாம். வலையில் சிக்காத மீனை வலை பார்த்து எண்ண முடியாது. எத்தனை நழுவியது என்பதையும் பாவனைதான் சொல்ல வேண்டும்.

வீசியது புரோட்டானா, இரும்பா என்ற மூன்றாவது கேள்விக்கு மியூவான்கள் உதவுகின்றன. கனமான அணுக்கரு உயரத்திலேயே உடைந்து, அதே ஆற்றலுள்ள புரோட்டானைவிட அதிக மியூவான்களைத் தரும். உதகையில் 2 மீட்டர் கற்காரைக்கு அடியில், 6 மீட்டர் நீளமுள்ள 3712 குழாய்களை நான்கு அடுக்காக வைத்து, 560 சதுர மீட்டர் பரப்பில் மியூவான்களை மட்டும் தனியாக எண்ணுகிறார்கள்.

இவ்வளவையும் படிக்கிறவருக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். கருவியைச் சோதிப்பது பாவனை. பாவனையைச் சோதிப்பது யார்? இது நியாயமான கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்கள் இதை மறந்துவிடவில்லை.

திசைக்கு இயற்கையே ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. நிலா அரைப் பாகை அகலமுள்ள ஒரு தட்டு. காஸ்மிக் கதிரை அது மறைக்கும். ஆகவே நிலா இருக்கும் திசையில் பொழிவுகள் குறைந்திருக்க வேண்டும். உதகைக் கருவி அந்த நிழலைப் பார்த்திருக்கிறது. கருவியின் பார்வை எவ்வளவு மங்கலோ அந்த அளவுக்கு நிழலின் ஓரம் கலைந்திருக்கும். அந்தக் கலைவை அளந்தால் கருவி எவ்வளவு துல்லியமாகத் திசை காட்டுகிறது என்பது எந்தப் பாவனையின் தயவும் இல்லாமல் தெரிந்துவிடும். ஆற்றல் குறைந்த பொழிவுகளுக்கு அந்தப் பிசகு ஒரு பாகைக்கும் குறைவு.

பாவனையின் பலத்தைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் ஒரு இடிமழை. 2014 டிசம்பர் 1 அன்று உதகைக்கு மேலே ஒரு இடிமேகம் கடந்தபோது, 18 நிமிடங்கள் மியூவான்களின் எண்ணிக்கை 2 சதவீதம் குறைந்தது. வரும் மியூவான்களில் நேர்மின்னேற்றம் உள்ளவை சற்றே அதிகம். மேகத்தின் மின்னழுத்தம் ஒரு வகையை வேகப்படுத்தி மற்றதைத் தடுத்தால், மொத்த எண்ணிக்கை மாறும். எவ்வளவு அழுத்தம் இருந்தால் 2 சதவீதம் குறையும்? கணினிக்குள் அந்த மேகத்தைக் கட்டி, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். விடை 130 கோடி வோல்ட். பலூன்கள் அதற்கு முன் மேகங்களுக்குள் அளந்திருந்த உச்சத்தைவிடச் சுமார் 10 மடங்கு. இடிமேகங்கள் நூறு கோடி வோல்ட்டை எட்டலாம் என்று 1929-ல் சி.டி.ஆர். வில்சன் சொன்னது 90 ஆண்டுகள் கழித்து, 2019-ல் வெளியான இந்த ஆய்வின் கட்டுரையால் உறுதிப்பட்டது. இதைப் பாவனை இல்லாமல் சொல்லியிருக்கவே முடியாது.

தோற்கும் இடமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். அர்ஜென்டினாவில் 3000 சதுர கிலோமீட்டரில் 1600-க்கு மேற்பட்ட தண்ணீர்த் தொட்டிகளை 1.5 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்திருக்கும் பியர் ஓஜே ஆய்வகத்தில், மிக உயர்ந்த ஆற்றல்களில், பாவனை எதிர்பார்ப்பதைவிட அதிக மியூவான்கள் வருகின்றன. அணுக்கரு மோதல்களைப் பற்றிய நம் அறிவில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த அளவு ஆற்றலில் மோதல் எப்படி நடக்கும் என்று எந்த ஆய்வுக்கூடமும் நேராக அளந்ததில்லை. தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குக் கோட்டை நீட்டித்தான் போகிறார்கள். நீட்டும் விதத்தில் கருத்து வேறுபாடு இருப்பதால், வெவ்வேறு மோதல் மாதிரிகளைக் கொண்டு கணக்கைத் திரும்பப் போட்டு, விடைகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தைப் பிழை எல்லையாக வெளிப்படையாக எழுதிவிடுகிறார்கள். என் கண்ணுக்கு இந்தப் பொருத்தமின்மை பாவனையின் தோல்வியைவிட அதன் பெரிய பயனாகத் தெரிகிறது. இவ்வளவு கறாராக எதிர்பார்த்து வைத்திருந்ததால்தான், எதிர்பாராததை அடையாளம் காண முடிந்தது.

2024-ல் கிரேப்ஸ்-3 குழு ஒரு முடிவை வெளியிட்டது. 50 டெராவிலிருந்து 1300 டெரா வரை புரோட்டான்களின் எண்ணிக்கை ஆற்றலோடு எப்படிக் குறைகிறது என்று அளந்ததில், சுமார் 166 டெராவில் ஒரு திருப்பம். அதற்கு மேல் சரிவு முன்பைவிட மெதுவாகிறது. மாஸ்கோவில் 1958-ல் 3000 டெரா வாக்கில் கண்டுபிடிக்கப்பட்ட 'முழங்கால்' என்ற வளைவு வரை ஒரே சீரான சரிவு என்று நம்பியிருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. இப்படி ஒரு திருப்பத்தைக் கண்டதும் முதலில் எழ வேண்டிய சந்தேகம், இது வானத்தில் இருக்கிறதா, கருவியில் இருக்கிறதா என்பதே. வலைக்கண்ணைத் தப்பாக மதிப்பிட்டாலும் திருப்பம் வரும். டேப்பின் பிசகைச் சரியாகச் சிக்கெடுக்காவிட்டாலும் வரும். பாவனை வானத்தில் திருப்பமே இல்லாத நேர்க்கோட்டைக் கொடுத்து, கருவி அதை நேர்க்கோடாகவே திருப்பித் தருகிறதா என்று பார்த்த பிறகுதான் அப்படி ஒரு முடிவை நம்ப முடியும்.

இயற்பியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். 20 டம்ளர்கள், ஒரு படி கேழ்வரகு, பள்ளிக்கூடத்து மொட்டை மாடி, எண்ணிக் குறிக்க ஒரு நோட்டு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போதும். முதல் ஒரு மணி நேரம் மாணவர்களே எண்ணி வீசி நோட்டை நிரப்பட்டும். பிறகு நீங்கள் மாடிக்குப் போய், எண்ணிக்கையைச் சொல்லாமல் ஒரு கை வீசிவிட்டு இறங்குங்கள். அவர்கள் எண்ணிக்கையைச் சொல்லும்போது, எவ்வளவு பிசகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.